பட்டியலில் பெயர் இல்லாத ஆசாரியர்கள்: திர்ஷாதாவின் உத்தரவை எதிர்க்கலாமா?

கேள்வி: எங்கள் வேதபாட வகுப்பில் எஸ்றா இரண்டாம் அதிகாரத்தை வழக்காக எடுத்து விவாதிக்கவிருக்கிறோம். பாபிலோனிலிருந்து திரும்பிய அபாயா, கோஸ், பர்சிலாய் ஆகிய மூன்று ஆசாரியக் குடும்பங்களுக்காக நான் வாதாட வேண்டும். ஆலயமே எரிந்துபோன பின்பு வம்ச அட்டவணையைக் கொண்டுவா என்பது அநியாயம் அல்லவா? திர்ஷாதா எனப்பட்ட ஆளுநரின் அந்த உத்தரவை எப்படி உடைப்பது?

பதில்: உடைக்க முயலாதீர்கள். கி.மு. 586இல் ஆலயம் எரிந்ததைச் சொல்லி நீங்கள் எவ்வளவு உருகினாலும், அதே அழிவையும் சிறையிருப்பையும் கடந்துவந்த நான்கு ஆசாரியக் குடும்பங்களின் 4,289 பேர் பட்டியலில் இருக்கிறார்கள் என்ற ஒரே பதிலில் அந்த வாதம் முடிந்துவிடும். பரம்பரை உரிமையைக் கோருபவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும்.

பார்க்க வேண்டியது உத்தரவின் வாசகம் மட்டுமே. கடவுளின் சித்தத்தைக் கேட்டறியும் ஊரீம் தும்மீம் உள்ள ஓர் ஆசாரியன் எழும்பும்வரை, ஆசாரியர் மட்டுமே உண்ணும் பலிப் பங்கான மகா பரிசுத்தமானதை இவர்கள் உண்ணக்கூடாது என்றுதான் திர்ஷாதா சொன்னார். இவர்கள் ஆசாரியர்களின் மூதாதையான ஆரோனின் வம்சமே அல்ல என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை. ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டது உண்மைதான், ஆனால் அது இறுதித் தீர்ப்பு அன்று, இடைக்கால ஏற்பாடு. சிறையிருப்பில் உண்டுவந்த சாதாரணக் காணிக்கைப் பங்கை அவர்கள் தொடர்ந்து உண்ணலாம் என்பதே இதன் பொருள் என்று யூதச் சட்ட விளக்க நூலான தல்மூதின் அறிஞர்களும் விளக்கியிருக்கிறார்கள்.

என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது. அனுபவத்தில் இருக்கும் சிறிய உரிமையை அமைதியாகக் காத்துக்கொள்ளாமல், முழு உரிமையையும் இன்றே அறிவித்துத் தாருங்கள் என்று ஆவணமில்லாமல் போய் நிற்பார்கள். நீதிமன்றமோ ஆவணம் எங்கே என்று கேட்டு, அதுவரை யாரும் கேள்வி கேட்காத சிறிய உரிமையையும் சேர்த்துத் தள்ளுபடி செய்துவிடும். எதிரில் நிற்பவர்கள் அதே காணிக்கையைப் பங்கிட்டுக்கொள்ளும் 4,289 பேர் என்பதை மறக்க வேண்டாம். காத்திருந்து சலித்தவர்கள் அட்டவணை ஒன்றைத் தாங்களே எழுதிக்கொண்டு வருவது இன்னும் மோசம்; அது வெளிப்பட்டால் உண்மையான உறவினரின் உரிமையும் சேர்ந்து அழியும்.

மூன்று குடும்பங்களையும் ஒரே மனுவில் சேர்ப்பதும் தவறு. தாவீது காலத்து 24 ஆசாரியப் பிரிவுகளில் ஏழாவது கோஸ் என்று நாளாகமம் சொல்கிறது. பின்னாளில் எருசலேமின் மதிலான அலங்கத்தைக் கட்டியவர்களில் கோசின் வழிவந்த உரியாவின் மகன் மெரெமோத் இருக்கிறார். ஆலயத்தில் வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து வாங்கிய ஆசாரியன் பெயரும் உரியாவின் மகன் மெரெமோத் என்பதே. இருவரும் ஒருவரே என்பது என் கருத்து. அப்படியானால், இரண்டாம் ஆலயத்தில் இல்லாதிருந்த ஊரீம் தும்மீமுக்குக் காத்திராமலே அந்தக் குடும்பம் ஏற்கப்பட்டுவிட்டது.

பர்சிலாய் குடும்பத்தின் நிலை வேறு. ஆசாரிய உரிமை தகப்பன் வழியில் வருவது. இவர்களுடைய முன்னோரோ கீலேயாத்தியனான பர்சிலாயின் மகள்களில் ஒருத்தியை மணந்து, மாமனார் வீட்டுப் பெயரையே தமக்கு வைத்துக்கொண்டவர். கலகம் செய்த மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடிய தாவீதை ஆதரித்த பெரியவரின் பெயர் என்பதால் கௌரவமானதுதான், ஆனால் ஆசாரியப் பட்டியலில் அது உதவாது. இவர்கள் என்னிடம் வந்திருந்தால், கிடைத்த பங்கோடு சமரசமாகப் போய்விடுங்கள், பலிபீடத்தின் அருகே போகாதீர்கள் என்றே சொல்லியிருப்பேன். வகுப்பில் கோஸ் குடும்பத்துக்காக மட்டும் வாதாடுங்கள். அபாயா குடும்பத்துக்கு அவகாசம் கேளுங்கள்.