பாட்டி முகத்தில் பாதி மஞ்சள், பாதி நீலம்

கூடத்து மஞ்சள் பல்பை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். ராயபுரம் வீட்டில் நீங்கள் எடுத்த படத்தில் பாட்டியின் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் நீலமாகவும் இருப்பது பெரும்பாலும் கேமராவின் கோளாறு அல்ல. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: பல்பு சுமார் 2700 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5500. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட கேமரா செய்யும் நிறச் சரிசெய்தலான ஒயிட் பேலன்ஸ், இரண்டில் ஒன்றுக்குத்தான் பொருந்தும்.

பாட்டி உட்கார்ந்திருந்த நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், மூன்றடி தள்ளிப் போட்டு எடுத்துப் பாருங்கள். ஷட்டர் வேகம் 1/125 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 1600. இருட்டாக வந்தால் ஐஎஸ்ஓவை 3200 வையுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, கண்கள் தெளிவாக இருக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே சந்து குறுகலாக இருந்து எதிர்வீட்டுச் சுவர் பச்சையாக இருந்தால், அந்தப் பச்சையும் முகத்தில் விழும். அப்போது முகத்தருகே வெள்ளைத் தாளைப் பிடித்து ஒயிட் பேலன்ஸை அமையுங்கள்.

மூக்குத்தியில் மின்னும் அந்த ஒளிப்பொட்டு அருமை. அடுத்த படத்திலும் அது இருக்கட்டும்.