1945-இல் 8 எம்.பி.க்களைக் கொடுத்த லிவர்பூல், மாநகராட்சியை மட்டும் ஏன் 1955 வரை தொழிற்கட்சிக்குக் கொடுக்கவில்லை?

பழைய மாநகராட்சித் தேர்தல் முடிவுப் பட்டியல்களைப் பார்த்துவரும் வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியின் சாரம் இது. 1945 ஜூலைப் பொதுத்தேர்தலில் இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலின் 11 நாடாளுமன்றத் தொகுதிகளில் 8 தொழிற்கட்சிக்குப் போயின. அதே ஊரின் நகர மன்றம் மட்டும் இன்னும் பத்து ஆண்டுகள் கன்சர்வேட்டிவ் கையிலேயே இருந்தது. தொழிற்கட்சி அங்கே முதன்முறையாகப் பெரும்பான்மை பெற்றது 1955-இல்தான். ஒரே ஊர், ஒரே மக்கள். பிறகு எப்படி?

நான் லிவர்பூலில் வேலை பார்த்த காலத்தில், வில்லியம் பிரவுன் தெருவில் இருக்கும் மத்திய நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் பார்ப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. அதிலும் மாநகராட்சித் தேர்தலுக்கு மறுநாள் வந்த பக்கங்கள்தான் என்னை அதிகம் இழுத்தன. வார்டு பெயர், வேட்பாளர்கள், வாக்குகள், வித்தியாசம் என்று பொடி எழுத்தில் பத்தி பத்தியாக ஓடும். அவற்றைப் படித்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓர் ஆண்டின் முடிவுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மன்றம் யார் கையில் என்று சொல்லவே முடியாது. மக்கள் அன்று தேர்ந்தெடுத்தது மன்றத்தின் கால்வாசியைத்தான்.

அது எப்படி என்று பார்ப்போம். 1835-இல் வந்த மாநகராட்சிச் சட்டம் போட்ட அடித்தளம் 1970-கள் வரை நின்றது. ஒரு வார்டுக்கு மூன்று கவுன்சிலர்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு. ஆனால் மூவரும் சேர்ந்து போவதில்லை, ஆண்டுக்கு ஒருவர் ஓய்வுபெறுவார். நம் மாநிலங்களவையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வுபெறுகிறார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. 1953-இல் வார்டு எல்லைகளை மாற்றி வரைந்த பிறகு லிவர்பூலில் 40 வார்டுகள், 120 கவுன்சிலர்கள். சாதாரண ஆண்டில் தேர்தல் நடப்பது 40 இடங்களுக்கு. மன்றத்தின் மொத்த எண்ணிக்கையோ 160.

மீதி 40 பேர் யார்? அவர்கள்தான் ஆல்டர்மேன்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1688-இல் மதராஸ் மாநகராட்சியைத் தொடங்கியபோதே ஒரு மேயரையும் 12 ஆல்டர்மேன்களையும் வைத்தது. இங்கிலாந்தின் அச்சு அப்படியே கப்பலேறி வந்தது.

இங்கிலாந்தில் மூன்று கவுன்சிலர்களுக்கு ஓர் ஆல்டர்மேன் என்பது விகிதம். அவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாதிப் பேர் மாறுவார்கள். கவுன்சிலராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை; கவுன்சிலராக நிற்கத் தகுதி இருந்தால் போதும். அதாவது வார்டில் தோற்றவரையும் மன்றம் ஆல்டர்மேனாக உள்ளே கொண்டுவந்துவிடலாம். ஆனால் மன்றத்தில் அவருடைய ஓட்டும், மக்கள் ஓட்டில் வந்த கவுன்சிலரின் ஓட்டும் ஒன்றுதான்.

இதன் பலத்தைப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு போடலாம். 160 பேரில் பெரும்பான்மைக்கு 81 வேண்டும். 40 ஆல்டர்மேன்களும் ஒரே கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்சி 120 கவுன்சிலர் இடங்களில் 41 வென்றாலே ஆட்சி. எதிர்க்கட்சி அதே 120-இல் 81 வெல்ல வேண்டும். நடைமுறையில் 40 பேரும் ஒரே பக்கம் இருப்பது அபூர்வம்தான். சில ஊர்களில் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பங்கு பிரித்துக்கொண்டார்கள், சில ஊர்களில் ஜெயித்தவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். இருந்தாலும் எதிர்க்கட்சி ஏற வேண்டிய சுவர் எவ்வளவு உயரம் என்று இதிலிருந்து புரியும். ஒரே ஆண்டில் அலை அடித்தால் போதாது. இரண்டு, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அடிக்க வேண்டும். அதுவும் ஆல்டர்மேன்களில் பாதிப் பேர் மாறும் ஆண்டில் அந்த அலை உச்சத்தில் இருக்க வேண்டும்.

தொழிற்கட்சிக்கு அப்படி வாய்க்கவில்லை. போர்க்காலத்தில் உள்ளாட்சித் தேர்தலே கிடையாது. காலியான இடங்களை மன்றங்களே ஆள் போட்டு நிரப்பிக்கொண்டன. 1945 நவம்பர் 1-ஆம் தேதி மறுபடி தேர்தல் நடந்தபோது நாடு முழுக்க தொழிற்கட்சி அள்ளியது. அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதுவரை மாநகராட்சித் தேர்தலில் வீட்டுக்கோ கடைக்கோ வரி கட்டுகிறவர்களுக்கும் அவர்களுடைய துணைக்கும்தான் ஓட்டு. பெற்றோர் வீட்டில் இருக்கும் 25 வயது மகனுக்கும், வாடகை அறையில் தங்கியிருக்கும் தொழிலாளிக்கும் ஓட்டில்லை. 1945 சட்டம்தான் நாடாளுமன்ற வாக்காளர்கள் எல்லாருக்கும் உள்ளாட்சியிலும் ஓட்டுக் கொடுத்தது. போர்க்காலக் குண்டுவீச்சில் லண்டனுக்கு அடுத்தபடியாக அடிவாங்கிய ஊர்களில் ஒன்று லிவர்பூல்; 1941 மே மாதத்தின் ஒரே வாரத்தில் துறைமுகமும் குடியிருப்புகளும் நொறுங்கின. அந்த இடிபாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் முதன்முறையாகத் தங்கள் ஊர் மன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நெகிழும். ஆனால் அவர்களால் அன்று மாற்ற முடிந்தது மன்றத்தின் ஒரு பகுதியைத்தான். 1947 நவம்பரில் காற்று திரும்பிவிட்டது. நாடெங்கும் தொழிற்கட்சி நூற்றுக்கணக்கான இடங்களை இழந்தது. 1949-இலும் பலத்த அடி.

அப்புறம், லிவர்பூலுக்கே உரிய காரணம் மதம். இதைச் சொல்லாமல் அந்த ஊரின் எந்தத் தேர்தல் முடிவும் புரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து வந்து குவிந்த கத்தோலிக்கர்கள் ஸ்காட்லாந்து சாலையைச் சுற்றிக் குடியேறினார்கள். அந்த வட்டாரம் டி.பி. ஓ'கானர் என்ற, அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட ஐரிஷ் தேசியக் கட்சிக்காரரை 1885 முதல் 1929-இல் அவர் இறக்கும்வரை எம்.பி.யாக வைத்திருந்தது, அயர்லாந்துக்கு வெளியே அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே தொகுதி அது. அவருக்குப் பிறகு அந்த ஓட்டு தொழிற்கட்சிக்கு வந்தது. கொஞ்சம் தள்ளி நெதர்ஃபீல்டு சாலைப் பக்கம், கத்தோலிக்க எதிர்ப்பில் ஊறிய புராட்டஸ்டன்ட் அமைப்பான ஆரஞ்சு சங்கத்துத் தொழிலாளிகள். அதே துறைமுக வேலை, அதே கூலி, அதே ஒண்டுக்குடித்தன வீடு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போட்டது கன்சர்வேட்டிவ் கட்சிக்கு, அல்லது புராட்டஸ்டன்ட் கட்சிக்கு.

ஆமாம், அப்படியே ஒரு கட்சி இருந்தது. நீங்கள் பார்க்கும் முடிவுப் பட்டியலில் செயின்ட் டொமிங்கோ, நெதர்ஃபீல்டு வார்டுகளில் 'புராட்டஸ்டன்ட்' என்று இருப்பது அச்சுப்பிழையில்லை. அதன் தலைவர் லாங்பாட்டம் ஒரு பாதிரியார். 1950-51-இல் நகரின் லார்ட் மேயராகவே இருந்தார். அந்த வார்டுகளில் கன்சர்வேட்டிவ் கட்சி பெரும்பாலும் ஆள் நிறுத்தாமல் வழிவிட்டது, மன்றத்தில் புராட்டஸ்டன்ட் கட்சிக்காரர்கள் கன்சர்வேட்டிவ்களுக்குத் துணை நின்றார்கள். ஏழைத் தொழிலாளிகள் நிறைந்த ஓர் ஊரில் வலதுசாரிக் கட்சி நூறாண்டுக்கு அருகில் கோலோச்சியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த இரண்டு தெருக்காரர்களை மதத்தின் பெயரால் பிரித்து வைத்தார்கள். அதன் விலையை இரண்டு தெருவுமே கொடுத்தது.

ஒன்றை இங்கே கவனியுங்கள். அந்தக் காலத்து வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரே கிடையாது. வேட்பாளரின் பெயர், முகவரி, தொழில், அவ்வளவுதான். 1969 சட்டத்துக்குப் பிறகுதான் கட்சிப் பெயர் சீட்டில் ஏறியது. ஆகவே வாக்காளருக்குத் தன் வார்டில் யார் எந்தக் கட்சி என்று வீட்டு வாசலில் வந்து சொல்ல ஆள் வேண்டும். ஆரஞ்சு சங்கக் கிளையும் கத்தோலிக்கத் திருச்சபை வட்டமும் தெருத்தெருவாக இருந்த ஊரில் அந்த வேலை எவ்வளவு சுலபமாக நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் இன்று பார்க்கும் பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கட்சி அடையாளம் சீட்டிலிருந்து வந்ததில்லை, செய்தித்தாள்கள் போட்டது.

சரி, 1955-இல் என்ன ஆனது? 1953-இல் எல்லை மாறியதால் எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. அப்படி நடந்தால் வார்டில் முதலில் வந்தவருக்கு மூன்று ஆண்டு, இரண்டாவதாக வந்தவருக்கு இரண்டு, மூன்றாவதாக வந்தவருக்கு ஒன்று என்று காலம் பிரியும். அடுத்தடுத்த ஆண்டுகளில் தொழிற்கட்சி ஏறுமுகமாகி, 1955 மே மாதம் பெரும்பான்மைக் கோட்டைத் தாண்டியது. அதே மாதப் பொதுத்தேர்தலில் நாடு கன்சர்வேட்டிவ் பக்கம் சாய்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உள்ளூர்க் கணக்கு வேறு என்பது இன்னும் தெளிவாகும். ஜாக் பிராடக் மன்றத் தலைவரானார். அவருடைய மனைவி பெஸ்ஸி பிராடக் 1945-இல் வென்ற 8 எம்.பி.க்களில் ஒருவர், 1930 முதல் கவுன்சிலரும்கூட. எதிர்க்கட்சியில் இருந்தபோது, சேரி வீடுகளைப் பற்றிப் பேசவிடாமல் தடுக்கிறார்கள் என்று மன்றத்துக்கே ஒலிபெருக்கிக் குழலைக் கொண்டுபோய்ப் பேசியவர். அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அதனாலேயே அடுத்து நடந்தது எனக்கு வலிக்கிறது. ஆட்சிக்கு வந்த அதே ஆண்டின் இறுதியில், நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக வடக்கு வேல்ஸில் ட்ரெவரின் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் வெளியே வந்தது. கப்பெல் கெலின் என்ற ஊர் முழுசாக மூழ்கும். வெல்ஷ் மொழி மட்டுமே புழங்கிய சின்ன ஊர்: பள்ளி, வழிபாட்டுக்கூடம், அஞ்சலகம், சில வீடுகள், பண்ணைகள். 1956 நவம்பரில் அந்த ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். மன்றம் அசையவில்லை. உள்ளூர் வெல்ஷ் அமைப்புகளின் அனுமதி தேவைப்படாதபடி நேராக நாடாளுமன்றத்தில் 1957-இல் தனிச் சட்டம் வாங்கினார்கள். வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை, ஆனாலும் நிறைவேறியது. 1965-இல் அணை திறக்கப்பட்டது. 2005-இல் லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. லிவர்பூலின் 40 வார்டுகளில் எதிலும் கப்பெல் கெலின்காரருக்கு ஓட்டு இல்லை. எத்தனை முறை தேர்தல் நடந்தாலும் அந்த முடிவுப் பட்டியலில் அவர்கள் வரவே முடியாது. ஆண்டுக்கணக்கில் ஆல்டர்மேன் சுவரின் அநியாயத்தைச் சுமந்த ஒரு கட்சி, ஓட்டில்லாதவர்களின் குரலைக் கேட்டிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆல்டர்மேன் முறை கன்சர்வேட்டிவ் கட்சிக்கு மட்டும் உதவியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஷெஃபீல்டில் 1926-இல் ஆட்சியைப் பிடித்த தொழிற்கட்சி, நடுவில் ஓராண்டு தவிர 1968 வரை விடவேயில்லை. அங்கே இதே சுவர் அவர்களுக்குக் காவல். என் எதிர்ப்பு முறைமேல்தான்.

கடைசியாக, நீங்கள் பட்டியல்களைத் தொடர்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். 1948-ஐத் தேடாதீர்கள், தேர்தலை நவம்பரிலிருந்து மே மாதத்துக்கு மாற்றியதால் 1947 நவம்பருக்கு அடுத்தது 1949 மே. ஓர் ஆண்டு முடிவை முந்திய ஆண்டோடு ஒப்பிட்டால் ஒரு வார்டின் மனநிலை தெரியும், ஆனால் 'எத்தனை இடம் கூடியது, குறைந்தது' என்பது அதே இடங்கள் கடைசியாகப் போட்டிக்கு வந்த ஆண்டோடு ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு. 1949-க்கு அது 1945. அதனால்தான் 1949-இன் இழப்பு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. மன்றத்தின் மொத்தப் பலம் வேண்டுமென்றால் ஆல்டர்மேன்களைச் சேர்த்த எண்ணிக்கையைத் தேடிப் பிடியுங்கள். 1972 சட்டம் ஆல்டர்மேன்களை நீக்கி, 1974 முதல் அது வெறும் கௌரவப் பட்டமானது. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு என்ற வழக்கமும் லிவர்பூலில் இப்போது இல்லை. 2023 முதல் 85 கவுன்சிலர்களையும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே நாளில் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முடிவுகளை 1950-களின் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து நேரடியாக ஒப்பிட வேண்டாம்.