பழைய ஹாட் ஹேட்ச்சுக்குப் புது டயர்: வாசகர் கேள்வி-பதில்

ஹாட் ஹேட்ச், அதாவது வேகமான சின்ன ஹேட்ச்பேக் கார், வைத்திருப்பவர்களை டயர் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதும் பாதிப் பேர் “எந்தக் கம்பெனி நல்லதுங்க?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கம்பெனிப் பெயர் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். என்ன வண்டி, எந்த ரோட்டில் ஓடுகிறது, அடியில் சஸ்பென்ஷன் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று எழுதியவர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

கே: 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். 185/60 ஆர்15 டயர் தேய்ந்துவிட்டது. நண்பர்கள் 17 இன்ச் அலாய் மாட்டச் சொல்கிறார்கள். டயர் கடைக்கார அண்ணன் இருக்கிற ரிம்மிலேயே 195/60 போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பதுங்க? – சரவணம்பட்டி

ப: கடைக்காரர் பேச்சை. கணக்குப் போட்டால் ஏன் என்று புரிந்துவிடும். 185 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். அதில் 60 சதவீதம், அதாவது 111 மி.மீ., சைடுவாலின் (டயரின் பக்கச்சுவர்) உயரம். மேலே ஒரு சைடுவால், கீழே ஒன்று, நடுவில் 15 இன்ச், அதாவது 381 மி.மீ. ரிம். மொத்தம் 603. இதே கணக்கில் 195/60 ஆர்15 டயரின் உயரம் 615 மி.மீ. வரும். இரண்டு சதவீதம்தான் கூடுதல். மீட்டர் 100 காட்டும்போது முன்பு போன வேகத்தைவிட 2 கி.மீ. கூடுதலாகப் போவீர்கள், அவ்வளவுதான். தரைக்கும் வண்டிக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி கூடும். நம்மூர் வேகத்தடைகளுக்கு அது லாபம்.

17 இன்ச்சுக்கு வழக்கமாக 205/45 சொல்வார்கள். மொத்த உயரம் 616 என்பதால் வீல் ஆர்ச்சுக்குள் உட்கார்ந்துவிடும், பார்க்கவும் அம்சமாக இருக்கும். ஆனால் சைடுவால் 92 மி.மீ.யாகச் சுருங்கிவிடுகிறது. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய ரோட்டில் 60-ல் போய் இறங்கினால், குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கும். உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சைடுவாலில் கோழிமுட்டை அளவுக்குப் புடைத்திருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கூடவே அந்தக் கனமான சக்கரத்தை 1.2 லிட்டர் இன்ஜின் சுழற்ற வேண்டும். 105 குதிரைத்திறன் வண்டிக்கு அது தேவையில்லாத சுமை.

பெரிசாகத்தான் வேண்டும் என்றால் 16 இன்ச்சில் 205/50-ஓடு நின்றுகொள்ளுங்கள். அளவுக்குப் பக்கத்தில் 84எச் மாதிரி ஒரு குறி இருக்கும். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. வண்டியோடு வந்த டயரில் இருந்த குறிக்குக் கீழே இறங்கவே கூடாது.

கே: அபார்த் புன்டோ. அடிக்கடி வால்பாறை போவேன். கிரிப்பும் வேண்டும், டயர் நிறைய நாள் வரவும் வேண்டும். – பொள்ளாச்சி

ப: இரண்டையும் முழுசாக ஒரே டயரில் தர எந்தக் கம்பெனியாலும் முடியாது. உங்களுக்கு நான் கிரிப் பக்கம்தான் சாய்வேன், அதுவும் ஈர ரோட்டுக் கிரிப். 145 குதிரைத்திறனையும் முன் சக்கரங்கள் இரண்டே வாங்கிக்கொள்கின்றன. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தில் திரும்பி ஆக்சிலேட்டரை மிதித்தால் வளைவின் உள்பக்கச் சக்கரம் எடை இழந்து சும்மா சுற்றும். தென்மேற்குப் பருவமழையில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிலிக்கா அதிகம் கலந்த காம்பவுண்ட், அதாவது ரப்பர் கலவை, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். மிஷலின் பிரைமசி, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட், பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா வரிசைகளில் உங்கள் 195/55 ஆர்16 அளவில் எது புதுத் தேதியில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். “மைலேஜ் டயர் சார், தேயவே தேயாது” என்று ஒன்றைத் தள்ளப் பார்ப்பார்கள். நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு அது சரி. சைடுவாலில் ட்ரெட்வேர் என்று போட்டு 300, 400 என்று எண் இருக்கும். எண் கூடக் கூட ஆயுள் கூடும் என்று அர்த்தம். ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போட்டுக்கொள்வது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும், வேறு வேறு கம்பெனிக்கு உதவாது.

டயரின் காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். தேய்மானம் அந்த மட்டத்துக்கு வந்தால் பள்ளம் 1.6 மி.மீ.தான் மிச்சம். சட்டப்படி அதுவரை ஓட்டலாம். வால்பாறை மழைக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுங்கள், தண்ணீரை வெளியே தள்ள அந்தப் பள்ளம் வேண்டும். அப்புறம், மலை இறங்கி வந்ததும் காற்று அதிகம் காட்டுகிறதே என்று இறக்கிவிடாதீர்கள். அது பிரேக் சூடும் ஓட்டத்தின் சூடும் சேர்ந்து ஏற்றிக் காட்டும் கணக்கு.

கே: அப்பாவின் பேலியோ 1.6 ஷெட்டிலேயே நிற்கிறது. டயரில் பள்ளம் அப்படியே புதுசாக இருக்கிறது. 2016-ல் வாங்கியது. ஓட்டலாமா? – திருப்பூர்

ப: கூடாது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் அதை இறுக வைத்துவிடும். டார்ச் அடித்து காடியின் அடிப்பகுதியைப் பாருங்கள், முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். டயர் கம்பெனிகளே 5 வருடம் ஆனால் வருடா வருடம் சோதிக்கவும், 10 வருடத்தில் எப்படி இருந்தாலும் கழற்றவும் சொல்கின்றன. நம்மூர் வெயிலுக்கு 6 வருடத்தோடு நிறுத்திக்கொள்வது என் கணக்கு. ஸ்டெப்னிக்கும் அதே சட்டம்தான்.

வயசு பார்க்க, சைடுவாலில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைத் தேடுங்கள். 1816 என்றால் 2016-ன் 18-வது வாரம், மே மாதத் தொடக்கம். பல டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கம் மட்டும் இருக்கும். மாட்டும்போது அது உள்பக்கம் போய்விட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். அதனால் ரிம்மில் ஏற்றும் முன்பே கடையில் பார்த்துவிடுங்கள். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து, அதிகம் விற்காத அளவுகளில் வெளிநாட்டு டயர் தேடினால் பழைய சரக்கு தலையில் விழ வாய்ப்பு உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் பழசு என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். இரண்டு வருடம் தாண்டினால் வேண்டாம்.

கே: முன் டயர் இரண்டு மட்டும் மொட்டை. புதுசு இரண்டையும் முன்னாடிதானே போட வேண்டும்? – ஈரோடு

ப: பின்னாடி போடுங்கள். பின்னால் இருக்கும் பாதி தேய்ந்ததை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் திரும்ப வழிக்கு வரும். பின் சக்கரம் வழுக்கினால் வால் சுழன்றுவிடும். பெருந்துறை பைபாஸில் 100-ல் அதைச் சமாளிக்க நம்மில் பெரும்பாலோருக்குக் கை வராது.

கே: எங்கள் வீட்டு லாரிகளுக்கெல்லாம் ரீட்ரெட்தான் (தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டுவது). ஸ்விஃப்டுக்கும் அதையே போட்டால் என்னங்க? – சங்ககிரி

ப: உங்கள் ஊர்க்காரருக்கு ரீட்ரெட்டின் அருமை தெரியாமல் இருக்குமா! எல்ஜி ரப்பர் மாதிரி கோவைக் கம்பெனிகள் அந்த ரப்பரை வெளிநாட்டுக்கே அனுப்புகின்றன. ஆனால் லாரி டயரின் உடம்பை இரண்டு மூன்று முறை மேல்தோல் மாற்றலாம் என்று நினைத்தேதான் தடிமனாகக் கட்டுகிறார்கள். கார் டயர் அப்படி இல்லை. எடை குறைய வேண்டும், மெத்தென்று இருக்க வேண்டும் என்று மெல்லிசாகச் செய்தது. மிச்சமாகும் காசும் சொற்பம். வேண்டாம்.

கே: புது டயர் போட்டு ஆறு மாதத்தில் உள்பக்கம் மட்டும் தேய்ந்துவிட்டது. டயர் சரியில்லையா? – கோபி

ப: டயர் மேல் பழி போடாதீர்கள். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்கே தடவுங்கள். உள்ளிருந்து வெளியே போகும்போது வழவழப்பாகவும், வெளியிலிருந்து உள்ளே வரும்போது சொரசொரவென்றும் இருந்தால் சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து நிற்கின்றன. கம்பி வெளியே வந்திருந்தால் கை கிழிந்துவிடும், பார்த்துச் செய்யுங்கள். பத்து வருட வண்டியில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் மாதிரி சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகள் எல்லாம் ஆட்டம் கண்டிருக்கும். அதை மாற்றாமல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பார்த்தால், கடையில் சரியாகக் காட்டும், முதல் வேகத்தடையில் போய்விடும். புஷ் முதலில், அலைன்மென்ட் அடுத்து, டயர் அதற்குப் பிறகு. சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவை அச்சடித்துக் கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி வண்டியை இறக்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள், கேம்பர், அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம், மாறியிருக்கும்.

கே: கோடையில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டுமாமே? நைட்ரஜன் நல்லதா? – தாராபுரம்

ப: குறைத்தால்தான் டயர் அதிகம் வளைந்து அதிகம் சூடாகும், வெடிப்பதும் அதனால்தான். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவை, காலையில் வண்டி எடுக்கும் முன் வையுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் அடித்துக்கொள்ளுங்கள்.

கே: செட்டிப்பாளையம் கரி டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க ஆசை. தனி டயர் வேண்டுமா? – கோவை

ப: ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கட்டிய கரிவரதன் பெயரில் இருக்கும் ரேஸ் டிராக், ஆசைப்படாமல் எப்படி? முதல் முறைக்கு இருக்கும் டயரே போதும், ஆனால் புத்தம் புதுசு வேண்டாம். பள்ளம் ஆழமாக இருந்தால் ரப்பர் கட்டிகள் சூட்டில் நெளிந்து பிய்ந்து வரும். பாதி தேய்ந்த, வெடிப்பில்லாத டயர்தான் தோது. சில சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்து டயரின் தோள்பட்டை ஓரங்களைப் பாருங்கள். சூட்டில் காற்று மிக ஏறியிருந்தால் அங்கே, டிராக்கில் மட்டும், கொஞ்சம் இறக்கலாம். எவ்வளவு இறக்கினீர்கள் என்று குறித்துக்கொண்டு, டயர் ஆறியதும் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.