அநியாயம் எல்லாம் வழக்காகுமா? அமெரிக்க வேலைச் சட்டம் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

அமெரிக்காவில் வேலை தொடர்பான சட்டமும் வணிக வழக்குகளும் பார்க்கிற வழக்கறிஞர் நான். ஆரம்ப வருடங்களில் கம்பெனிகள் பக்கம் இருந்தேன், இப்போது பெரும்பாலும் ஊழியர்கள் பக்கம், கூடவே சிறு நிறுவனங்களின் ஒப்பந்தத் தகராறுகள். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன், ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். பொதுவில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீலின் கைக்குப் போகலாம், அதனால்தான் அவற்றைத் தொடவில்லை.

கே: மேடம், எட்டு வருடம் உழைத்த கம்பெனி ஒரு காரணமும் சொல்லாமல் அனுப்பிவிட்டது. வழக்கு போட முடியுமா?

நடந்தது அநியாயம்தான். ஆனால் அநியாயம் எல்லாம் சட்டவிரோதம் ஆகிவிடாது, என்னிடம் வருகிறவர்களோடு முதல் அரைமணி நேரம் இதிலேயே போய்விடும். மொன்டானாவைத் தவிர எல்லா மாநிலங்களிலும் 'அட் வில்' முறைதான் அடிப்படை. காரணமே இல்லாமல் அனுப்பலாம், மொக்கைக் காரணத்துக்காகவும் அனுப்பலாம், சட்டம் தடுத்திருக்கும் காரணத்துக்காக மட்டும் அனுப்பக்கூடாது. இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு எல்லாம் 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தில் வருகின்றன. 40 வயது நிரம்பியவர்களுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம். அப்புறம், பாகுபாடு பற்றிப் புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக்கூடாது.

இந்தக் கடைசி வகைதான் என் கணக்கில் நடைமுறையில் வலுவானது. மேனேஜர் மனதுக்குள் என்ன வெறுப்பு இருந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு. ஆனால் ஜனவரி வரை நல்ல ரிவ்யூ, மார்ச்சில் புகார், ஏப்ரலில் நீக்கம் என்று தேதிகளை வரிசையாக வைத்தால் ஜூரியில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் அதிகம் பேசவே வேண்டியதில்லை. அதனால் யார் வந்தாலும் முதலில் தேதிகளைத்தான் கேட்பேன்.

இன்னொரு தேதியும் முக்கியம். பாகுபாட்டுப் புகாரை மத்திய சம வாய்ப்பு ஆணையத்தில், அதாவது இஇஓசியில், 180 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் அதற்கென்று தனி அமைப்பு இருந்தால் 300 நாட்கள். அவர்கள் வழக்கு போட அனுமதிக் கடிதம் கொடுத்த பிறகு நீதிமன்றம் போக 90 நாட்கள்தான். "எச்.ஆர். விசாரிக்கிறார்கள், முடியட்டும்" என்று பலர் காத்திருக்கிறார்கள். அவர்கள் விசாரிக்கிறார்கள் என்பதற்காக இந்த நாட்கணக்கு நிற்காது.

கே: எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். பாதியில் விலகினால் பெரிய தொகை கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது அக்கா.

இதே கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் நிறைய வந்தது. முன்கூட்டியே விலகியதற்கு அபராதம் வசூலிக்க விதிகள் அனுமதிப்பதில்லை. கம்பெனிக்கு உண்மையில் ஏற்படக்கூடிய நஷ்டத்தை முன்பே நியாயமாகக் கணித்து எழுதிய தொகை என்றால் மாநிலச் சட்டப்படி செல்லலாம். இது அபராதமா நஷ்ட ஈடா என்பதில்தான் சண்டையே. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள், பயத்தில் பணத்தைக் கட்டிவிட்டு வந்து பார்க்காதீர்கள்.

பிராஜெக்ட் இல்லை என்று சம்பளம் தராமல் உட்கார வைப்பதும் விதிமீறல். தொழிலாளர் துறையிடம் 12 மாதங்களுக்குள் புகார் கொடுக்கலாம். வேலை போய்விட்டால் வேறு வேலையோ வேறு வழியோ பார்க்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம். நாட்டில் தங்க அனுமதித்த காலம் அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதனால் இந்த விஷயத்தில் வேலைச் சட்ட வக்கீல் மட்டும் போதாது, குடியேற்ற வக்கீலையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள்.

கே: கையில் காசில்லாதவன் எப்படி வக்கீல் வைப்பது?

ஊழியர் தரப்பில் பலர் ஜெயித்தால் பங்கு என்ற முறையில் எடுக்கிறோம். மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதம் வரை சாதாரணம். வழக்கின் இதர செலவுகள் யார் தலையில் என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் கேட்டுவிடுங்கள், அங்கேதான் மனஸ்தாபம் வரும்.

ஓவர்டைம் வழக்குகள் இன்னும் சுவாரசியம். 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி, ஊழியர் ஜெயித்தால் அவருடைய வக்கீல் ஃபீஸையும் கம்பெனியே கொடுக்க வேண்டும். அதனால்தான் சின்னத் தொகைக்கும் வக்கீல் கிடைக்கிறார். பெயருக்கு மேனேஜர் என்று பட்டம் கொடுத்தால் ஓவர்டைம் தர வேண்டாம் என்று நினைக்கிற முதலாளிகள் இன்றும் இருக்கிறார்கள். பட்டத்தை யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்தீர்கள், சம்பளம் எப்படிக் கொடுத்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

கே: சட்டம் படிக்கிறேன். கோர்ட்டில் வாதாடத்தான் இந்தத் துறைக்கு வர ஆசை. தினமும் வாதாடுவீர்களா?

ஏமாற்றமாக இருந்தால் மன்னிக்கவும், மத்திய நீதிமன்றங்களின் சிவில் வழக்குகளில் விசாரணை மேடை வரை போவது நூற்றில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவுதான். மற்றதெல்லாம் தள்ளுபடி ஆகும், அல்லது சமரசத்தில் முடியும். வேலையில் முக்கால்வாசி ஆவணம் படிப்பது. ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள், ஸ்லாக் என்ற அலுவலகச் செயலியில் நடந்த உரையாடல்கள், யாரோ இரவு பதினொரு மணிக்குக் கோபத்தில் தட்டிய ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக மாதக்கணக்கில் தேடுவோம், சில சமயம் கிடைக்கும்.

நிஜமான நாடகம் டெபொசிஷனில், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே சாட்சியைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேள்வி கேட்கும் இடத்தில் நடக்கும். நீதிபதி இருக்க மாட்டார், ஒரு மேசை, சாட்சி, இரண்டு தரப்பு வக்கீல்கள், ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்பவர், அவ்வளவுதான். மத்திய விதிப்படி ஒரு சாட்சிக்கு ஒரு நாள், ஏழு மணி நேரம். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும், இதை எந்தக் கல்லூரியும் சொல்லித் தருவதில்லை. மௌனம் தாங்காமல் சாட்சி தானாக அடுத்த வாக்கியத்தைச் சொல்லுவார், வழக்கின் விலை அங்கேயே மாறிவிடும். இது பிடிக்கும் என்றால் வாருங்கள். மேடைப் பேச்சுதான் பிடிக்கும் என்றால் குற்றவியல் பக்கம் போய்ப் பாருங்கள்.

பெரிய அலுவலகங்களில் கட்டணம் போடுவதற்காக உங்கள் நேரத்தை ஆறு நிமிடத்துக்கு ஒரு கணக்காக எழுத வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

கே: கம்பெனிகளுக்காக வேலை செய்தபோது மனசாட்சி உறுத்தவில்லையா?

எல்லோரும் நினைப்பது போல இல்லை. கம்பெனி வக்கீலின் நல்ல நாள் என்பது ஒரு மேனேஜர் போன் செய்து "இவரை நாளைக்கு அனுப்பப் போகிறேன்" என்று சொல்லும்போது, "அவர் போன வாரம்தான் புகார் கொடுத்திருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள்" என்று தடுப்பது. அப்படித் தப்பித்த வேலைகள் எந்தத் தீர்ப்பிலும் வராது. உறுத்திய நாட்களும் உண்டு, அவற்றைப் பற்றி எழுத ரகசியக் காப்புக் கடமை இடம் கொடுக்காது.

கே: நானும் நண்பனும் பாதிக்குப் பாதி பங்கு. இப்போது பேச்சுவார்த்தையே இல்லை. கம்பெனி சார்பில் நானே கோர்ட்டில் ஆஜராகலாமா?

மத்திய நீதிமன்றத்தில் முடியாது. தனிமனிதர் தனக்காகத் தானே வாதாடலாம், நிறுவனத்துக்கு வக்கீல் கட்டாயம். சிறு தொகை வழக்குகளில் சில மாநிலங்கள் விலக்கு தருகின்றன. பாதிப் பாதிப் பங்கு வைத்து, முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று எழுதாமல் தொடங்குகிறவர்கள்தான் எங்கள் துறைக்குச் சோறு போடுகிறார்கள். இருவரில் ஒருவர் மற்றவரின் பங்கை வாங்கிக்கொள்வதுதான் பெரும்பாலும் முடிவு. வக்கீல் செலவு ஏறும் முன்பே விலை பேசுங்கள்.

கே: போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்ற ஷரத்து செல்லுமா?

மாநிலத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் சாதாரண ஊழியரை அப்படிக் கட்ட முடியாது, மின்னசோட்டாவில் 2023 ஜூலை முதல் போடும் ஒப்பந்தங்களில் செல்லாது. நாடு முழுக்கத் தடை செய்ய 2024இல் மத்திய வர்த்தக ஆணையம் கொண்டுவந்த விதியை டெக்சாஸ் மத்திய நீதிமன்றம் நிறுத்திவிட்டது. ஷரத்து செல்லாத இடத்திலும் வாடிக்கையாளர் பட்டியலை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனால் அது வர்த்தக ரகசிய வழக்கு. இதற்கு விலக்கு கேட்டு வராதீர்கள்.

கே: எனக்கு 52 வயது. வேலையிலிருந்து அனுப்பும்போது இழப்பீட்டுப் பத்திரத்தில் இன்றே கையெழுத்துப் போடு என்கிறார்கள்.

போடாதீர்கள். 40 வயது நிரம்பியவர் வயதுப் பாகுபாட்டுக்கு எதிராக வழக்கு போடும் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் என்றால் யோசிக்க 21 நாட்கள் தர வேண்டும், பலரைச் சேர்த்து அனுப்பினால் 45 நாட்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாட்களுக்குள் திரும்பப் பெறலாம். அந்த நாட்களில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வக்கீலிடம் காட்டுங்கள். தொகையைக் கூட்டிக் கேட்கக் காரணம் இருந்தால் அவர் சொல்லிவிடுவார்.