குவாத்தமாலாவில் மருத்துவ ஸ்பானிஷ்

கேள்வி: டெக்ஸாஸில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வார்டில் பலருக்கு ஸ்பானிஷ் மட்டுமே தெரியும். கோடை விடுமுறையில் குவாத்தமாலா போய் மருத்துவ ஸ்பானிஷ் படிக்கலாமா? நான்கு வாரம் போதுமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆன்டிகுவா, கெட்சால்டெனாங்கோ இரண்டு ஊர்களிலும் ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர் என்ற முறையில் பள்ளிகள் நடக்கின்றன. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கவும் ஏற்பாடு செய்து தருவார்கள். ஆன்டிகுவாவில் ஆங்கிலத்திலேயே பொழுது போய்விடும். என் ஓட்டு கெட்சால்டெனாங்கோவுக்குத்தான். 2,300 மீட்டர் உயரம், ஜூன் மாதம் மழைக்காலம், ஸ்வெட்டர் கட்டாயம்.

அடிப்படை இலக்கணம் கைவசம் இருந்தால்தான் நான்கு வாரம் பயன்படும். குறிப்பாக இறந்தகாலம். ஒருமுறை நடந்து முடிந்ததற்கு ஒரு வினை வடிவம், தொடர்ந்து நடந்துவந்ததற்கு வேறொன்று. நோயாளி நேற்று ஒருதடவை வாந்தி எடுத்தாரா, எடுத்துக்கொண்டே இருந்தாரா என்பது அந்த விகுதியில்தான் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் கேஸ் ஷீட்டே தப்பாகிவிடும். உறுப்புகளின் பெயர்ப் பட்டியலை விமானத்தில்கூட மனப்பாடம் செய்துகொள்ளலாம். வகுப்பு நேரத்தை ஆசிரியரை நோயாளியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் எப்போதும் மரியாதை வடிவம்: 'தோந்தெ லெ துவேலெ?' (எங்கே வலிக்கிறது?)

மலைக் கிராமங்களில் பலருக்குக் கிச்சே, மாம் போன்ற மாயா மொழிகளே தாய்மொழி. தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மாத்திரையை எப்படிச் சாப்பிடுவார் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் யாராவது மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், அறுவைச் சிகிச்சை ஒப்புதல் போன்றவற்றுக்குப் போகாதீர்கள். அதற்குத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அமெரிக்காவில் மருத்துவ மொழிபெயர்ப்பாளருக்கான தேசியச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவே குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி தேவை.