எலக்ட்ரானிக்ஸ் படித்தால் அதே துறையில் வேலை கிடைக்குமா?

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் இறுதியாண்டு மாணவி நான். எல்லோரும் சாஃப்ட்வேர் பக்கம் போகச் சொல்கிறார்கள். படித்த துறையிலேயே வேலை கிடைக்க என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகக் கிடைக்கும். ஆனால் பட்டத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சிப் துறை பிடிக்குமென்றால் வெரிஃபிகேஷன் (சிப் டிசைன் சரியாக இயங்குகிறதா எனச் சோதிக்கும்) பிரிவு நல்ல நுழைவாயில்; அதற்கான மொழியான சிஸ்டம்வெரிலாக், அதன்மேல் அமைந்த சோதனை முறையான யுவிஎம் இரண்டும் வேண்டும். அனலாக் டிசைனுக்குப் பெரும்பாலும் முதுகலைப் படிப்பை எதிர்பார்ப்பார்கள்.

எம்பெடெட் (கருவிகளுக்குள் இருக்கும் சிப்புகளுக்கு புரோகிராம் எழுதும்) பக்கம் போக, சி மொழியில் கை பழக வேண்டும். பாயின்டர், இன்டரப்ட், ‘வோலடைல்’ (volatile) என்ற குறிச்சொல் எங்கே தேவை என்பதெல்லாம் தண்ணீர்பட்ட பாடாக இருக்கட்டும். கூடவே ஒரு போர்டை நீங்களே வடிவமையுங்கள். கிகாட் (KiCad) என்ற போர்டு வடிவமைப்பு மென்பொருளில் இரண்டு லேயர், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஐ2சி-யில் (சிப்புகள் இரண்டு ஒயர்களில் பேசிக்கொள்ளும் முறை) ஒரு வெப்பநிலை சென்சார் போதும். சிப்பின் ஒவ்வொரு சப்ளை பின்னுக்கும் ஒட்டினாற்போல் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள். தள்ளி வைத்தால் காரணம் புரியாத ரீசெட் வரும். ஐ2சி லைன்கள் ஓப்பன் டிரெய்ன், அதாவது சிப்புகள் லைனைக் கீழே மட்டுமே இழுக்கும் என்பதால், அதை மேலே இழுக்கப் புல்-அப் ரெசிஸ்டர் கட்டாயம்; வழக்கமாக 4.7 கிலோஓம் வைப்பார்கள். நீள ஒயரோடு 400 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் அதுவும் போதாமல் போகலாம்: ஒயரின் கெபாசிட்டன்ஸ் சேர்ந்து, அலையின் ஏறுமுகம் வளைந்துவிடும். 2.2 கிலோஓமுக்கு மாற்றிப் பாருங்கள்.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அலை எப்படி இருந்தது என்பதை ஆசிலோஸ்கோப்பில் படமெடுத்து, அந்த இரண்டு படங்களையும் ரெஸ்யூமேயோடு இணையுங்கள். சான்றிதழ் அடுக்குவதைவிட இதைத்தான் நேர்காணலில் துருவிக் கேட்பார்கள்.