இங்கேயும் கடல் இருக்கிறதே

அன்புள்ள அக்கா,

தூத்துக்குடி பற்றி நீங்கள் எழுதுவதையெல்லாம் விடாமல் வாசிக்கிறேன். நான் திரேஸ்புரத்தில் பிறந்தவள். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். முழங்கால் வலி முற்றியதும் படகை விற்றுவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறார். நான் படிப்பு முடித்துச் சென்னைக்கு வேலைக்கு வந்தேன், கல்யாணமும் இங்கேயே ஆகிவிட்டது. திருவான்மியூரில் இருக்கிறோம். வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம்.

ஊர் ஞாபகமாகவே இருக்கிறது என்று சொன்னால் கணவரிலிருந்து அலுவலகத் தோழிகள் வரை எல்லாரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "இங்கேயும் கடல் இருக்கிறதே, அப்புறம் என்ன?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகனைக் கூட்டிக்கொண்டு போய் மணலில் உட்காருகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு திரும்பும்போது ஏக்கம் குறைந்திருப்பதில்லை, சில நாள் கூடிவிடுகிறது.

சரி, ஊருக்கே போகலாம் என்று விடுமுறையில் போனால் மூன்றாம் நாளே அங்கேயும் ஒட்டவில்லை. கரையில் நின்றால் தெரிந்த பையன்களே "எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க" என்று கேட்கிறார்கள். ரயில் ஏறும்போது கொஞ்சம் நிம்மதிகூட வருகிறது. அப்படியென்றால் இந்த ஏக்கம் நானே கட்டிக்கொண்ட கற்பனையா?

அன்புடன்,
எஸ்., சென்னை

*

அன்புள்ள எஸ்.,

கற்பனை இல்லை. உங்கள் தோழிகளுக்குச் சொல்ல வேண்டிய பதில் உங்கள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் திருவான்மியூரில் உட்கார்ந்து எழுந்ததும் ஏக்கம் கூடுகிறது.

ஆனி, ஆடி மாதங்களை நினைத்துப் பாருங்கள். சென்னையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் சாயங்காலக் காற்று முகத்தில் அடிக்கும். நம் ஊரில் அந்த மாதங்களில் காற்று முதுகில் அடிக்கும். மேற்கே மலை இடைவெளிகளில் புகுந்து, கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, தேரிக்காட்டுச் செம்மணலையும் ரோட்டுப் புழுதியையும் வாரிக்கொண்டு நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று அது. கரையில் நின்றால் சேலை முந்தானை கடலைப் பார்த்துப் பறக்கும். கச்சான் என்று உங்கள் அப்பா சொல்லியிருப்பார். காற்று அவ்வளவு அடித்தும் கரையோரத் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும்.

அலையும் அப்படித்தான். திருவான்மியூரில் அலை தடையில்லாமல் வந்து கரையில் உடைகிறது. தூத்துக்குடிக்கு முன்னால் வான் தீவு, காசுவார், காரைச்சல்லி என்று தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளப்பாறையும் இருக்கின்றன. அங்கிருந்து ராமேஸ்வரம் வரை அப்படி 21 தீவுகள் என்பது கணக்கு. அதற்கும் அப்பால் இலங்கை. பெரிய அலை பலமிழந்துதான் நம் கரைக்கு வரும். நீங்கள் பிறந்து வளர்ந்தது சத்தம் போடாத ஒரு கடலுக்குப் பக்கத்தில். ராத்திரி முழுக்க அலை இரைவதைக் கேட்டுத் தூங்கினோம் என்று மற்ற கடற்கரைக்காரர்கள் எழுதுவதை வாசிக்கும்போது எனக்கு அது வேறு நாட்டுக் கதை மாதிரி இருக்கும்.

சென்னைக் கரைக்கும் அதற்கென்று ஒரு கதை உண்டு. மெரினாவின் அந்த அகலமான மணல் முழுவதும் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டியபின், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடுக்கப்பட்டு அங்கே சேர்ந்தது. அதே காரணத்தால் வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப் போனது. காசிமேட்டில் பிறந்த ஒரு பெண்ணைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தால் அவளும் இதே கடிதத்தை எழுதுவாள். "இங்கேயும் கடல் இருக்கிறதே" என்று அவளிடம் நம் ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

ஆனால் காற்றும் அலையும் பாதிதான். உங்களுக்கு அங்கே ஒரு காலக்கணக்கு இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பது சென்னையில் வஞ்சிரம் விலை ஏறுகிற செய்தி. திரேஸ்புரத்தில் அது நாட்டுப்படகு கொண்டுவருகிற மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற காலம், வீட்டில் கடன் கொஞ்சம் அடைபடுகிற காலம். ஜூலை 26இல் பனிமய மாதா கோயிலில் கொடி ஏறினால் ஆகஸ்ட் 5 வரை ஊரே வேறு மாதிரி இருக்கும், வெளியூரில் இருக்கிறவர்கள் வந்து இறங்குவார்கள். காற்று மாறினால் அப்பா முகம் மாறும், அதைப் பார்த்து அம்மா சமையலை மாற்றுவார். இதெல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் கடல். திருவான்மியூரில் நீங்கள் பார்ப்பது தண்ணீரை. அங்கே நீங்களும் ஆயிரம் பேரைப் போல ஞாயிற்றுக்கிழமை வந்தவர்.

நான் படகுக் குடும்பத்தில் பிறக்கவில்லை. எங்கள் வீடு முத்தையாபுரம் பக்கம், அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். தை பிறந்தால் உப்புப் பாத்தியின் தரையை இறுக மிதிக்கத் தொடங்குவார்கள். வெயில் ஏறினால் அந்த வெள்ளையில் கண் கூசி எதுவும் செய்ய முடியாது என்பதால் விடிவதற்கு முன்பே போய்விடுவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். உப்புக் கட்டுகிற பக்குவம் வரும்போது தண்ணீரின் மேல் மெல்லிய ஆடை படரும். விரலால் தொட்டால் உடைந்து கீழே இறங்கும். விரல் காய்ந்ததும் ரேகைக்குள்ளெல்லாம் வெள்ளை நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் அம்மா வெடித்த குதிகாலோடு அந்தத் தண்ணீரில் நின்று பலகையால் உப்பை வாரிக்கொண்டிருப்பார்.

இப்போது அம்மா கோவையில் என்னோடு இருக்கிறார். எனக்கு உப்பளத்தின் மேல் இருக்கிற ஏக்கம் அவருக்குத் துளியும் கிடையாது. அந்த இடத்தைப் பார்க்கப் போகலாமா என்றால் வேண்டாம் என்கிறார். ஆனால் பங்குனியில் இங்கே திடீரென்று மழை பெய்தால் ஜன்னலைப் பார்த்து "பாத்தியெல்லாம் போச்சு" என்கிறார். மழை இங்கே, பாத்தி எத்தனையோ மைலுக்கு அப்பால். அங்கே அன்று வெயிலாகக்கூட இருக்கும். ஏங்குவது நான், ஊர் இருப்பது அவரிடம். இதை நான் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கரையில் பிழைத்தவர்களுக்கு அது அறிவாக உடம்பில் தங்கிவிடுகிறது. அவர்கள் அதை நினைத்து ஏங்குவது குறைவு. அவர்களுடைய உழைப்பில் படித்து வெளியே வந்த நமக்கு அந்த அறிவு முழுதாக வந்து சேரவில்லை. சேராத அந்த இடத்தில்தான் நமக்கு வலிக்கிறது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் ஒட்டாமல் போவதும் இதனால்தான். திரேஸ்புரம் கரையில் நிற்கிற எல்லாருக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. வலை பார்க்க வேண்டும், ஐஸ் ஏற்ற வேண்டும், கூடைக்கு விலை கேட்க வேண்டும். உங்களுக்கு மட்டும் வேலை இல்லை. இதற்காக வருத்தப்படாதீர்கள். ரயில் ஏறும்போது வருகிற நிம்மதிக்குக் குற்றவுணர்ச்சியும் வேண்டாம், மகனுடைய பள்ளியும் உங்கள் வேலையும் சென்னையில்தானே இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் விட்டுவந்த ஊர் அப்படியே இல்லை. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அந்த 21இல் ஒன்றான விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. வான் தீவும் சுருங்கிவிட்டது, அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். எத்தனை உப்பளங்கள் சேறாகிப் போயின! அங்கேயே இருக்கிறவர்களுக்கு ஏங்க நேரமில்லை, அடுத்த பருவத்துக்குப் பாத்தியைச் சரிசெய்ய வேண்டும். ஊர் ஏக்கத்தில் இந்த இன்றைய ஊரும் இடம்பெற வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பழைய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏங்கினால், நாளாக ஆக அது யாருடைய ஊராகவும் இல்லாமல் போய்விடும்.

இந்த ஏக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்பதை வாசித்ததும் எனக்குப் பரபரப்பாக இருந்தது. நம் கடலுக்கு அடியில் மீன் கூடுகிற பாறைத்தளங்கள் இருக்கின்றன, பார் என்று சொல்வார்களே, அவைதான். முத்துச்சிப்பி விளைந்ததும் அவற்றில்தான். முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது, பார்கள் அங்கேயேதான் இருக்கின்றன. ஜிபிஎஸ் கருவி வருவதற்கு முன்னால் உங்கள் அப்பா தலைமுறை அந்த இடங்களுக்குக் கரை அடையாளத்தை வைத்தே போய்ச் சேர்ந்தார்கள். கரையில் இரண்டு பொருள் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும், வேறொரு பக்கம் இன்னும் இரண்டு ஒன்றாக வர வேண்டும், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலையோ தூண்டிலோ இறங்கும். இப்போது கருவியில் எண்ணைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். நான் பார்த்தவரை இளைய பையன்கள் யாரும் அந்த அடையாளங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அப்பாவோடு அது போய்விட்டால் திரும்பக் கிடைக்காது.

இந்த முறை திருவிழாவுக்குப் போகும்போது ஒரு நீள நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்கப்பா" என்று கேட்டால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். மாசிக்கு எந்தப் பாருக்குப் போவீர்கள், விளமீன் எங்கே கிடைக்கும், நீரோட்டம் மாறினால் எந்தப் பக்கம் ஒதுங்குவீர்கள் என்று மாதம் மாதமாகக் கேளுங்கள். ஆட்டோ வைத்துக் கரைக்குக் கூட்டிப்போய் அங்கே உட்கார வைத்துக் கேட்டால் இன்னும் நல்லது. மகனைப் படம் வரையச் சொல்லுங்கள். மாதா கோயில் கோபுரத்தை எதோடு சேர்த்துப் பார்த்தார், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வருவதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக்கு என்ன அடையாளம், எல்லாம் வேண்டும். வல்லநாட்டு மலை அவர் கணக்கில் எங்கேயாவது வருகிறதா என்று எனக்காக ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். எழுதி முடித்ததும் ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள், அப்பா சம்மதித்தால் அவர் சொன்னபடியே இங்கே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா